பாதி விரிந்த பலகை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவரை அறிந்தோர் கைகளில் இந்நினைவு மலரை வைக்கிறோம்.

அக்கா உடையார்பாளையத்துக்கு அருகே முந்திரிக் காடு சூழ்ந்த சிற்றூரில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்தோம். அம்மா முந்திரிக்கொட்டை உடைத்து எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு அவர் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். அக்கா பெரம்பலூரில் பொறியியல் முடித்து, பெங்களூரில் ஒரு சிறிய செயற்கைக்கோள் நிறுவனத்தில் சேர்ந்தார்.

மடித்து அனுப்பும் சூரிய ஒளிப் பலகையை விண்வெளியில் தானே விரியச் செய்யும் கீல், அவர் பொறுப்பில் இருந்தது. புதிய தொழில்நுட்பங்கள் அங்கே வேலை செய்கின்றனவா என்று சோதிப்பதற்கென்றே உருவான செயற்கைக்கோள் அது.

"மழ வருமான்னு சொல்லுமா? டிவி தெரியுமா?" என்று எங்கள் தாய்மாமா கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா. பலக விரியுதான்னு பாக்கத்தான் போவுது."

பலகை விரிந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார்.

செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்ததைத் தொலைக்காட்சியில் கண்டதும் மாமா தெருவில் சரவெடி கொளுத்திவிட்டார். அக்கா தொலைபேசியில் கத்தினார்: "வெடிய நிறுத்தச் சொல்லும்மா! வண்டிதான் போய்ச் சேந்துருக்கு. எம் பலக இன்னும் விரியல."

அது பாதிதான் விரிந்தது. குளிரில் கீல் இறுகி, அதைத் திறக்கும் சுருள்வில்லின் விசை போதாமல் நின்றுவிட்டது. பழியைக் குளிரின்மேல் போட்டிருக்கலாம். அடுத்த செயற்கைக்கோளில் தன் கீலுக்கு இடமில்லாமல் போகக்கூடும் என்று அறிந்தே, எடையைக் குறைக்க மெல்லிய வில்லைத் தேர்ந்தது தன் முடிவு என்று மேலதிகாரிகள் முன் அக்கா கூறினார். ஒருவர் தன் பெயரைக் காக்க மறைக்கும் காரணம் பிறர் உழைப்பின்மேல் போய் விழும் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருந்தார்.

ஊருக்கு வந்தவரை மாமா விடவில்லை. "ஏம் புள்ள, பாதி விரிஞ்சதுக்குப் பாதிப் பான பொங்குனா போதுமா?"

அக்கா சிரித்துவிட்டார். "முழுசாவே வைங்க மாமா. ஏன் நின்னுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்குத்தான அனுப்புனோம்?"

அம்மா இசையவில்லை. "நா வேண்டிக்கிட்டது விரியணும்னு. விரியட்டும், வெக்கிறேன்."

நிறுவனம் அக்காவிடமே மீண்டும் அப்பணியைக் கொடுத்தது. வலுவான வில்லோடு புதிய கீலை அவர் முடித்துக் கொடுத்த வேளையில் புற்றுநோய் தெரியவந்தது. அரியலூர் மருத்துவமனைப் படுக்கையிலும் சக பொறியாளர்களிடம் சோதனை முடிவுகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். "விரிஞ்சா மொதல்ல அம்மாகிட்ட சொல்லு" என்று என்னிடம் சொல்லிவைத்தார். ஏவுதலுக்கு முன்பே அவர் பிரிந்துவிட்டார்.

சில மாதங்கள் கழித்து அவரோடு பணியாற்றிய தோழி அழைத்தார். பலகை முழுமையாக விரிந்திருந்தது. அக்கா கேட்டிருந்தபடி முதலில் அம்மாவிடம் சொன்னேன். துக்க ஆண்டு முடியாமல் கோயிலுக்குப் போகலாகாது என்பதால் அம்மா காத்திருந்தார்.

அக்காவைத் தாங்கிப் பராமரித்த செவிலியர்க்கும், அவர் பணியைத் தொடர்ந்து முடித்த தோழர்களுக்கும், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. நாளை குலதெய்வம் கோயிலில் பொங்கல். அனைவரும் வர வேண்டும்.

இரண்டு பானை எடுத்துவைக்கச் சொன்னார் அம்மா. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு இப்ப விரிஞ்சதுக்கு. இன்னொண்ணு, அன்னைக்கே அவ வெக்கச் சொல்லி நா வெக்காம வுட்டதுக்கு."