ஜெயிக்கிறவனுக்கு அஞ்சு டாலர்

லாஸ் வேகஸில் ஏசி பழுதுபார்க்கும் வெண்டெல், கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதும் கூண்டுச் சண்டையில் யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டும் பந்தயத்தைக் கணக்குப் போட்டே ஜெயிக்கலாம் என்று வருடக்கணக்காகக் கம்ப்யூட்டரோடு மாரடித்தார். வீரனின் வயது, கை நீளம், எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்த லட்சணம், ஒன்றையும் விடவில்லை. அவருடைய மச்சான் ரஸ்டியோ, எவன் உடம்பில் பச்சை குத்தியது அழகாக இருக்கிறதோ அவன்மேல் பணத்தைக் கட்டித் தோற்பான்.

ஒருவழியாகக் கணக்கு பலித்தது. வெண்டெல் மாதாமாதம் ஜெயித்தார். இந்தச் சனிக்கிழமை, சூதாட்ட விடுதியின் பந்தயக் கவுண்டரில் இருக்கும் யோலாண்டா அவர் நீட்டிய பணத்தைத் திருப்பித் தள்ளினாள்.

"இனிமே உங்ககிட்ட அஞ்சு டாலருக்கு மேல வாங்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு."

"ஏம்மா, நான் என்ன திருடினேனா?"

"ஜெயிக்கிறீங்களே!"

"அப்போ தோக்கிறவன்கிட்ட?"

"எவ்வளவு குடுத்தாலும் வாங்குவோம்."

"நல்லா இருக்கும்மா உங்க நியாயம்!" என்று வெண்டெல் கத்தியபோது, பின்னாலிருந்து ரஸ்டி தோளில் கை போட்டான்.

"விடுங்க மச்சான். நல்ல வாடிக்கையாளர்னு எனக்கு ரெண்டு பேருக்கு ஓசிச் சாப்பாடு குடுத்திருக்காங்க. வாங்க, கறி தின்னலாம்."

அவனை அங்கேயே அறையலாம் போல இருந்தது வெண்டெலுக்கு. பசியும் இருந்து தொலைத்ததால் கூடவே போனார்.