மேற்கு வாசல் வைத்த கோழிக்கூடு

அன்னப்பிள்ளை அக்காவின் இருபத்திரண்டு வருடக் கலியாண வாழ்க்கை பெரும்பாலும் கடிதத்தில்தான் நடந்தது. கணவர் கனகசபை அண்ணைக்குத் தெற்கே மாத்தறையில் கடை. வருடத்தில் இரண்டு தடவை எங்கள் தீவிலுள்ள நாரந்தனைக்கு வருவார். மிச்ச நாட்களில் கடிதம் வரும். வேலி எப்போது அடைப்பது, கதவுக்கு என்ன நிறம் பூசுவது, எந்த மாட்டை விற்பது, எல்லாம் அதில் இருக்கும். முடிவில் மறக்காமல் ஒரு வரியும் இருக்கும்: ‘உமக்கு இது விளங்காது, எழுதினபடி செய்யவும்.’

நான் பக்கத்து வளவில் இருப்பவள். அக்காவின் மூக்குக்கண்ணாடி உடைந்திருந்த காலத்தில் அந்தக் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன். அந்த வரி வரும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா கடிதத்தை வாங்கி மடித்து அலுமாரிக்குள் வைப்பார்.

எழுபத்துமூன்றாம் வருடம், உணவுத் தட்டுப்பாட்டில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம். ஊரில் எல்லாரும் எதையாவது நட்டார்கள், எதையாவது வளர்த்தார்கள். அக்கா ஒருவரையும் கேட்காமல் புளியங்கூடலுக்குப் போய் ஒன்பது பேட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் வாங்கி வந்தார். முட்டையைக்கூட வாயில் வைக்காத சைவக்காரி. “முட்டையை ஊர்காவற்றுறைக் கடைக்குக் குடுக்கலாம்” என்றார். பிறகு, “இது என்ரை யோசனை” என்றும் சொன்னார். அப்படி ஒரு சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது.

விசயம் மாத்தறைக்குப் போனது. உடனே கடிதமும் வந்தது, லொறியில் தேயிலைப் பெட்டிப் பலகையும் வந்தது. கூடு இன்ன உயரம், மூன்று பக்கமும் நீக்கலோ இடைவெளியோ இல்லாமல் பலகை, வீட்டைப் போலவே வாசல் கிழக்குப் பார்த்திருக்க வேண்டும். கோழிக்கு மனையடி சாத்திரம் பார்த்தவர் இந்தத் தீவிலேயே கனகசபை அண்ணை ஒருவராகத்தான் இருப்பார். தச்சு வேலை செய்யும் யாகப்பு கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அங்குலம் பிசகாமல் கட்டி முடித்தார். கூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மரநாய்க்கு நகம் வைக்க இடமில்லை” என்றார்.

அது உண்மைதான். ஆனால் கோழிகள் உள்ளே போகவில்லை.

பொழுது சாய்ந்ததும் அவை முதலில் சமைக்கிற குசினியின் பின்வாசலால் நுழைந்து அம்மியடியில் போய் நிற்கும். துரத்தினால் நேரே கிணற்றடிப் பூவரசில் ஏறிவிடும். அக்கா குறுணல் போட்டு அழைத்தார். ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். அடுத்த நாள் மாலை அவை கூட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆளைக் கண்டதும் முன்னையதை விட உயரமான கொப்பில் போய் இருந்தன. மரநாய்க்கு வேறென்ன வேண்டும்? ஒரு மாதத்தில் மூன்று பேடுகள் போய்விட்டன. விடிய இறகுதான் கிடக்கும். அக்கா அதைக் கூட்டி அள்ளும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதை மாத்தறைக்கு யார் எழுதிப் போட்டார்களோ, அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும், அடுத்த கடிதம் வந்தது. ‘நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகிறேன், நான் வருகிற அன்று கோழிகள் கூட்டுக்குள் படுக்காவிட்டால் எல்லாவற்றையும் யாகப்புவுக்குக் கொடுத்துவிடவும், உமக்கு இது சரிவராது.’

அன்றைக்குத்தான் அக்கா அழுததைக் கண்டேன். “கோழி போனாப் போகட்டும். இனி நான் வாய் திறந்து ஒண்டும் சொல்லேலாது, அதுதான்” என்றார்.

அண்ணை வருவதற்கு முதல் நாள் மாலை, உப்புக் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அங்கே கூட்டு வாசலில் சேலையும் இரண்டு காலும்தான் தெரிந்தன. மிச்ச அக்கா உள்ளே. ஓடிப்போய்க் குனிந்தேன்.

“அக்கா, என்ன செய்யிறியள்?”

“கோழியா இருந்து பாக்கிறன்” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஒரு சாமானும் தெரியேல்லை. கும்மிருட்டு.”

இடுப்பைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். தலை நிறையத் தூசி. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். அக்கா குசினிப் பக்கம் திரும்பினார். பின்வாசலால் மாலை வெயில் அம்மி வரைக்கும் விழுந்திருந்தது. ஆறு பேடுகளும் சேவலும் அந்த வெயிலுக்குள் நின்றன. அக்கா அவற்றைப் பார்த்தபடியே நின்றார்.

“இதுகளுக்குப் பிடிவாதம் இல்லையடி. பின்னேரத்திலை கண் தெரியாத இடத்துக்குள்ளை ஆர் போவினம்? வாசல் மேற்காலை இருக்கவேணும்.”

அடுத்த நாள் காலையிலேயே யாகப்புவைக் கூப்பிட்டு விட்டார். யாகப்பு மரம் அறுக்கும் வாளைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“முதலாளி கிழக்கெண்டெல்லோ எழுதினவர், தங்கச்சி. பிறகு என்னோடைதான் கோவிப்பார்.”

“உள்ளை படுக்கப்போறது அவரோ, யாகப்பு அண்ணை? நான் சொல்லுறன், வெட்டுங்கோ.”

இருபத்திரண்டு வருடத்தில் அக்கா போட்ட முதல் கட்டளை அதுதான். யாகப்பு மேற்குப் பக்கத்துப் பலகையை அறுத்தார். பழைய வாசலை அடைத்தார். வேலை முடியவும் கனகசபை அண்ணை பெட்டியோடு வேலிப் படலையைத் திறக்கவும் சரியாக இருந்தது. முன்கூட்டி ஒருநாள் பரீட்சித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

அண்ணை தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கதிரையைக் கொண்டுபோய்க் கூட்டுக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“வாசலை ஆர் மாத்தினது?”

“நான்தான்” என்றார் அக்கா.

அண்ணை யாகப்புவைப் பார்த்தார். யாகப்பு வாளைத் துடைக்கத் தொடங்கினார். அக்கா போய்க் குசினிப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வெயில் சாய்ந்தது. கோழிகள் குசினிக்குப் போய்ப் பார்த்தன, கதவு பூட்டு. பூவரசடிக்கு வந்தன. அந்தக் கூட்டத்துக்குத் தலைவி ஒரு சிவப்புப் பேடு. அது மரத்தை அண்ணாந்து பார்த்தது, பிறகு கூட்டைப் பார்த்தது. மேற்கு வெயில் உள்ளே நிறைந்து, குறுக்குத் தடியும் பின்பலகையும் பளிச்சென்று தெரிந்தன. சிவப்பி கழுத்தை நீட்டி உள்ளே ஒரு பார்வை பார்த்தது. ஒரே எட்டில் ஏறித் தடியில் இருந்துகொண்டது. பின்னால் மற்றவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறின. சேவல் மட்டும் வாசலில் நின்று அண்ணையை ஒருமுறை பார்த்துவிட்டு, கடைசியாக உள்ளே போனது.

அக்கா நடந்துபோய்க் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். நான் வெட்கத்தை விட்டுக் கை தட்டினேன். யாகப்புவும் தட்டினார். அண்ணை கதிரையை விட்டு எழும்பவே இல்லை.

அதற்குப் பிறகு மரநாய்க்கு ஒரு கோழிகூடக் கிடைக்கவில்லை. கார்த்திகையில் கூடு போதாமல் இன்னொன்று கட்ட வேண்டி வந்தது. அதற்கு மாத்தறையிலிருந்து பலகை மட்டும் வந்தது, அளவு ஒன்றும் வரவில்லை.

தை மாதம் வந்த கடிதத்தை அக்காவே வேலியால் நீட்டினார். கண்ணாடி இருந்தும் என்னை வாசிக்கச் சொன்னார். கடைக்குப் பின்னால் சாமான் அறை ஒன்று கட்டப்போவதாக அண்ணை எழுதியிருந்தார். கடைசி வரிக்கு வந்தபோது கடிதத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தேன்.

‘வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று நீர் நினைக்கிறீர்? உம்முடைய பதில் வந்த பிறகுதான் வேலை தொடங்குவேன்.’

“இன்னொருக்கா வாசி” என்றார் அக்கா.