மேலக்கா இறங்கி வந்த வாரம்

அந்தக் கட்டுமான இடத்தில் அவளை எல்லோரும் மேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினேழு மாடி உயரத்தில் உட்கார்ந்து டவர் கிரேன் ஓட்டுகிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? வயது நாற்பத்தாறு. கணவர் போன பிறகு லைசென்ஸ் எடுத்து, பன்னிரண்டு வருடமாக அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறாள். கோபம் மற்றவர்களுக்கு மூக்கு நுனியில் என்றால் அவளுக்கு நாக்கு நுனியில்.

அந்தக் கோடையில் கோபப்படக் காரணமும் இருந்தது. கேபினில் ஏசி பழுதாகி மூன்று வாரம் ஆகியிருந்தது. சுற்றிலும் கண்ணாடி, உள்ளே நாற்பத்தைந்து டிகிரி. கேட்டால், "மேல காத்து நல்லா வருமே" என்று சிரித்தார் மேனேஜர்.

திங்கட்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள்: சமவெளிப் பகுதிகளில் அடுத்த மூன்று நாள்களுக்கு வெப்பநிலை இயல்பைவிட மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும்; மாலையில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழையும் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வரக்கூடும். மதியம் இரண்டு மணிக்கு அவள் கொக்கியை மேலே இழுத்தாள். கிரேனின் நீண்ட கை காற்றடிக்கும் திசைக்குத் தானாகத் திரும்பும்படி பிரேக்கை விடுவித்தாள். இறங்கி வந்துவிட்டாள்.

"யாரைக் கேட்டு இறங்குன?" என்றார் மேனேஜர்.

"இடி வருதுன்னு சொல்லியிருக்காங்க சார்."

"ஓரிரு இடத்துலன்னுதானே சொன்னான்? அந்த இடம் நம்ம இடம்னு உனக்கு யாரு சொன்னா?"

"இல்லைன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

அன்று ஒரு பொட்டு மேகம்கூட எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை வெயில் கொளுத்தியது. கம்பி கட்டுகிறவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர், "வீட்டுல உக்காந்து நல்லா ரேடியோ கேளு. ஒரு வாரம் வர வேணாம்" என்றார்.

மறுநாள் அவளுடைய இருக்கையில் போய் உட்கார்ந்தது அவளுடைய சொந்தத் தம்பி. அவனுக்கும் லைசென்ஸ் இருந்தது, வேலைதான் இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே நிறுத்தினாள்.

"உனக்கு வெக்கமா இல்ல?"

"வேற எவனாவது ஏறுனா உன் இடமே போயிடும்க்கா. உனக்காகத்தான் ஏறுனேன்."

"எனக்காக யாரும் சாக வேணாம். நாளைக்குப் போகாத."

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு மேற்கே வானம் மைக்கறுப்பாகத் திரண்டது. தம்பி போனை எடுக்கவில்லை. பல்லைக் கடித்தபடி பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்ந்தபோது புழுதி சுழன்றடித்தது. கொக்கியில் இரண்டு டன் கம்பிக்கட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "இந்த ஒண்ணை மட்டும் இறக்கிட்டு வா" என்று வாக்கிடாக்கியில் கத்திக்கொண்டிருந்தார் மேனேஜர்.

கம்பிக்கட்டு தரையைத் தொட்டு, ஆட்கள் கொக்கியைக் கழற்றி ஓடவும், பக்கத்து மைதானத்தில் முதல் மின்னல் இறங்கவும் சரியாக இருந்தது. மேனேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இறங்கு, உடனே இறங்கு!" என்று அலறினார்.

மேலக்கா அவர் கையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள். "டேய், இறங்காத! ஏணில கைய வச்சே, கரிக்கட்டை ஆயிடுவ. கொக்கியை மேல இழு. பிரேக்கை விடு."

"விட்டா சுத்துதுக்கா!"

"சுத்தட்டும்! பிடிச்சு வச்சா மொத்தமா சாயும். விட்டுட்டு நடுவுல உக்காரு. எந்த இரும்பையும் தொடாத."

கிரேனின் கை அரைவட்டம் சுழன்று, காற்றோடு ஒட்டி நின்றது. அடுத்த நிமிடம் அதன் நுனியில் இடி விழுந்தது. கீழே நின்றவர்கள் எல்லோரும் குந்திவிட்டார்கள். அவள் மட்டும் அண்ணாந்து, தனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே இருந்தாள். யாரை என்று யாருக்கும் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துத் தம்பி இறங்கினான். உயிர் இருந்தது. வலது காது கேட்காமல் போய்விட்டது.

மறுநாள் மேனேஜர் அவளை வரச் சொல்லி ஓர் அறிக்கையை நீட்டி, சாட்சிக் கையெழுத்து கேட்டார். எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றும், நிர்வாகத்தின் துரித நடவடிக்கையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்றும் எழுதியிருந்தது.

"எதிர்பாராததா?" அவள் குரல் மூன்றாம் மாடி வரை கேட்டது. "மூணு நாளா ரேடியோக்காரன் தொண்டை கிழியச் சொன்னான். நீங்க எதிர்பாக்கலைன்னா அதுக்கு வானம் என்ன சார் பண்ணும்?"

காகிதத்தை அவர் மேஜையிலேயே விட்டெறிந்தாள். மூன்று நாள் வானிலை அறிவிப்பையும், யார் எப்போது என்ன சொன்னார் என்பதையும் நோட்டுத்தாளில் தானே எழுதி, தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று சிரித்த கம்பிக்காரர்கள் பதினோரு பேர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்கள். வேலை இரண்டு வாரம் நின்றது. மேனேஜரை வேறெங்கோ மாற்றினார்கள். மழைக்கோ காற்றுக்கோ எப்போது இறங்குவது என்பதை ஓட்டுகிறவரே முடிவு செய்யலாம் என்று கேட்டுக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டினார்கள். அவள் மறுபடி ஏறினாள்.

தம்பிக்கு இனி கிரேன் கிடையாது; கீழே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறான். அவள் கோபம் இன்னும் ஆறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு இடது பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவாள்.

"ஏன்க்கா, அந்தப் பக்கம்தான் நிழல் இருக்கே?"

"திட்டுறது உனக்குக் கேக்க வேணாமா?" என்பாள்.