டையைத் திருப்பிக் கொடுத்த மேடம்

1. ஒன்பது மணி மீட்டிங்

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி கார் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் டிஸ்பாட்ச் பார்த்து ரிட்டயர் ஆனவள் நான். சரக்கை வண்டியில் ஏற்றி கஸ்டமருக்கு அனுப்புவதுதான் டிஸ்பாட்ச். ஆனால் அனுப்பாத சரக்குக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதி நாள் போய்விடும்.

எங்கள் கம்பெனியில் பிளானுக்கு மட்டும் பஞ்சமே கிடையாது. தினமும் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங். பிளானிங் பாஸ்கர் போர்டில் கலர் கலராக எழுதுவார். பச்சை என்றால் ஓடுகிற வேலை, சிவப்பு என்றால் அவசரம். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். டீ டைமுக்குள் யாராவது ஒரு கஸ்டமர் போன் போட்டுக் கத்துவார். யார் அதிகச் சத்தமாகக் கத்தினாரோ அவர் வேலை சிவப்பாகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் டையை இறக்கிவிட்டு அவருடைய டையை ஏற்றுவார்கள். டை என்பது பிரஸ்ஸில் மாட்டும் அச்சு. ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, செட்டிங் பார்த்து முதல் பீஸ் எடுப்பதற்குள் பாதி ஷிஃப்ட் காலி. அதற்குள் இன்னொருவர் கத்த ஆரம்பித்திருப்பார்.

சரக்கு போகாவிட்டால் கஸ்டமர் ‘ரிகவரி பிளான்’ கேட்பார். விட்டதை எப்படிப் பிடிக்கப்போகிறோம் என்று எழுதி அனுப்ப வேண்டும். அதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. சரக்கு போகாத நாள் உண்டு. ரிகவரி பிளான் போகாத நாள் இல்லை.

வாசலில் டெம்போ டிரைவர் ஏழுமலை பாதி லோடோடு நிற்பார்.

“இன்னாக்கா, காலைலேர்ந்து நின்னுகினே கீறேன். உள்ள இன்னாதான் பண்றாங்கோ?”

“பிளான் போடறாங்கப்பா.”

“அப்ப அத்தயே ஏத்தி வுடு. கெளம்பிகினே இருக்கேன்.”

2. புது மேடத்தின் கேள்வி

அந்தச் சமயத்தில்தான் தேன்மொழி மேடம் பிளான்ட் ஹெட்டாக, அதாவது தொழிற்சாலைக்கே பொறுப்பாளராக, வந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் எடுத்து, மகளையும் இங்கேயே பள்ளியில் சேர்த்திருந்தார்.

அவர் வந்த நேரம் சரியில்லை. கார் கதவுக்கு ஹிஞ்ச், அதாவது கீல், வாங்கும் எங்கள் பெரிய கஸ்டமர், “இன்னொரு தடவை உங்களால எங்க லைன் நின்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்” என்று கடைசியாகச் சொல்லிவிட்டார். ஹிஞ்ச் போனால் எங்கள் இரண்டாவது லைனை மூட வேண்டியதுதான். அதில் வேலை செய்தவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட் பெண்கள். திருவேற்காட்டிலிருந்து வரும் ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “எங்கள ஊட்டுக்கு அனுப்பிருவாங்களாக்கா?”

முதல் மீட்டிங்கில் பாஸ்கர் வெகு நேரம் விளக்கினார். மேடம் குறுக்கே பேசாமல் முழுசாகக் கேட்டார்.

“அழகா போட்டிருக்கீங்க பாஸ்கர். ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இதுல நாம எதைச் செய்யப் போறதில்ல?”

பாஸ்கருக்குப் புரியவில்லை. “எல்லாத்தையும் செஞ்சிடுவோம் மேடம்.”

“அதனாலதான் ஒண்ணுகூட நேரத்துக்குப் போக மாட்டேங்கு.”

அந்தக் குரலில் நக்கல் கொஞ்சமும் இல்லை. பாஸ்கரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எத்தனையோ பெரிய மனிதர்கள் மேஜையைத் தட்டிக் கத்தியதை அந்த அறையில் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்றே முடிவு சொன்னார். கையில் போதுமான ஸ்டாக் சேரும்வரை பெரிய பிரஸ்ஸில் ஹிஞ்ச் மட்டும்தான் ஓடும்.

3. முதலாளியின் போன்

அந்த வாரமே சோதனை வந்தது. அதே பெரிய பிரஸ்ஸில் ஓடும் பிராக்கெட் என்ற ஒரு சின்னப் பாகம் வாங்கும் கஸ்டமர், முதலாளிக்கு நண்பர். அவர் முதலாளியிடம் கத்த, முதலாளி மேடத்துக்குப் போன் போட்டார். பிரஸ் சத்தத்தில் காதில் விழாது என்று மேடம் ஸ்பீக்கரில் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

“என்னம்மா, பிராக்கெட்டை ஏத்தச் சொன்னா நீங்க விடலையாமே?”

“ஆமா சார். ஹிஞ்ச் டையை இப்ப இறக்க முடியாது.”

“ரெண்டையும் சமாளிக்கற மாதிரி ஒரு பிளான் போடுங்க. அதுக்குத்தானே உங்கள வச்சிருக்கு?”

“போடலாம் சார். போர்டுல ரெண்டும் ஓடும். பெரிய பிரஸ் ஒண்ணுதான இருக்கு.”

“நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலை போயிடும். யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சுட்டேன் சார். பொறுப்பு என்னோடது.”

போனை வைத்ததும் உள்ளங்கை வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். பயம் இல்லாத மனுஷி என்று நினைத்திருந்தேன். பயத்தை வைத்துக்கொண்டே பேசினார் என்று தெரிந்ததும் அவர் மேல் எனக்கு மரியாதை இரண்டு மடங்காகிவிட்டது.

4. பூந்தமல்லிக்கு ஒரு டிரிப்

மறுப்பு சொன்னதோடு அவர் நிற்கவில்லை. எங்கள் வழக்கத்தில் டை கஸ்டமருடைய சொத்து. நாங்கள் வைத்து ஓட்டுகிறோம், அவ்வளவுதான். சாயங்காலம் முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி, “என்னமோ செய்ங்க” என்ற வார்த்தையை வாங்கிவந்தார். மறுநாள் பிராக்கெட் டையைத் துடைத்து, எண்ணெய் பூசி, ஃபோர்க்லிஃப்ட்டில் தூக்கி ஏழுமலை வண்டியில் வைத்தோம். நான் டெலிவரி சலான் போட்டேன். கஸ்டமரையே டிஸ்பாட்ச் செய்தது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான்.

மேடமும் நானும் வண்டியிலேயே கூடப் போனோம். பூந்தமல்லியில் பிராக்கெட் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“ரிகவரி பிளான் கேட்டா டையைக் கொண்டாந்து நிக்கறீங்க?”

“பிளான் அனுப்புனா நம்பிக் காத்திருப்பீங்க சார். எங்களால நேரத்துக்கு முடியாது. முடியறவங்ககிட்ட குடுங்க. அதுவரைக்கும் ஓட்டறதுக்கு எங்ககிட்ட இருந்த பீஸ் அத்தனையும் வண்டியில இருக்கு.”

அவர் கத்தினார். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கத்தி முடித்துவிட்டு வண்டியருகே வந்து டையைத் தடவிப் பார்த்தவர், “நல்லாத்தான் வச்சிருக்கீங்க” என்று சலானில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும்போது ஏழுமலைக்குத் தாங்கவில்லை. “பார்ட்டியவே எறக்கி வுட்டு வர்றோமே, இன்னா தெகிரியம் மேடம் உங்களுக்கு!”

“முதல்ல டீக்கடையில நிறுத்துங்க அண்ணே. இருந்த தைரியமெல்லாம் அங்கனயே தீந்துட்டு” என்றார் மேடம்.

5. பாஸ்கர் சொன்ன பதில்

அதன் பிறகு ஹிஞ்ச் நிற்கவில்லை. இரண்டாவது லைனும் மூடவில்லை. ஜோதி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பாஸ்கர், பிறகு ஷாப்புக்குள் வந்து டைகளைக் கவனிக்க ஆரம்பித்தார். அதிலும் அவர் கெட்டிக்காரர்தான்.

இன்றைக்கு வேலைக்குச் சேரும் பிள்ளைகள் என்னிடம் கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். தினமும் பிளான் மாறுகிறது என்றால், எதற்காக உழைக்கிறோம் என்று அங்கே யாரும் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். அந்த முடிவை எடுத்து, அதற்காகத் திட்டு வாங்கவும் தயாராக இருப்பவர் கிடைத்தால் அவரிடமே ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு முதலாளி போன் போட்டார். ஏழுமலை அதற்குள் முழு லோடோடு கிளம்பிப் போயிருந்தார். மேடம் ஷாப்பில் இருந்ததால் பாஸ்கர்தான் எடுத்தார்.

“என்னப்பா, இன்னைக்கு என்ன பிளான்?”

பாஸ்கர் போர்டைத் திரும்பிப் பார்த்தார்.

“நேத்து போட்டதேதான் சார்.”