குதிரைக்கு ஒதுங்காத பல் டாக்டர்

“இன்னிக்கு அந்தக் குதிரைக்காரம்மா எதிர்ல வந்தா நான் ஒதுங்க மாட்டேன். சொல்லிட்டேன்” என்று வாசலில் முழங்கிவிட்டுத்தான் பல் டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைச் சைக்கிளில் ஏறுவார். “அதைக் குதிரைகிட்ட சொல்லுங்க” என்பார் உள்ளேயிருந்து மனைவி.

முழங்காலுக்குக் கவசம், முழங்கைக்குக் கவசம் என்று போருக்குப் போகிறவர் மாதிரி கிளம்புவார். எடை குறையட்டும் என்று சைக்கிள் மணியைக் கழற்றி எறிந்துவிட்டார். அதைவிடப் பல மடங்கு எடை தொப்பையாக முன்னால் போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாளைக்கே யாருக்கும் பல்வலி வந்து அவரிடம் போக வேண்டியிருக்கலாமே. கிளினிக்கில் நோயாளி வாயைப் பிளந்து கிடக்கும்போதுதான், காட்டுப்பாதை யாருக்குச் சொந்தம் என்று விளக்குவார். “குதிரை பாதை நெடுக லத்தி போடுது. நான் போடறேனா?” நோயாளி ‘ஆ’ என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்.

உண்மையில் குதிரை என்றாலே அவருக்கு உதறல்.

ஒரு ஞாயிறு அது அம்பலமாகிவிட்டது. சரிவில் பாய்ந்து வந்தவர், வளைவு திரும்பியதும் முன்னால் போய்க்கொண்டிருந்த பெண்குதிரையின் வாலருகே சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தார். அது மிரண்டு துள்ளியதில், கண்ணாடிக் கடை வைத்திருக்கும் குதிரைக்காரம்மா தரையில் விழுந்தார், டாக்டர் முள்புதரில். அம்மாவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. காட்டைத் தாண்டக் குதிரையை விட்டால் வேறு வழியில்லை. அதுவோ கண்ணை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றது.

“கடிவாளத்தைப் பிடிச்சு அவளைக் கூட்டிட்டு வாங்க டாக்டர்.”

“நானா?”

“வேற யாரு இருக்கா இங்க? முதல்ல அவகிட்ட பேசுங்க. குரல் கேட்டாத்தான் மனுஷன்னு தெரியும். ஊமையா பின்னாடி வந்தா, ஏதோ மிருகம் அடிக்க வருதுன்னு நினைப்பா.”

ஊரையே பேசித் தீர்க்கிறவர்தான். ஆனால் பயந்த உயிரிடம் சொல்ல அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். “ஒண்ணுமில்லம்மா... வலிக்கவே வலிக்காது... ரெண்டே நிமிஷம்...”

குதிரை காதைத் திருப்பியது. தலையைத் தாழ்த்தியது. அவர் அப்படிச் சொன்னதை நம்பிய முதல் ஜீவன் அதுதான். பாறையோரம் நிறுத்தி அம்மாவை ஏற்றிவிட்டு, லாயம் வரை அதையே சொல்லிக்கொண்டு நடந்தார்.

காட்டுப்பாதையில் போகிறவர்களுக்காக ஊரில் நடந்த அடுத்த கூட்டத்தில் சைக்கிள்காரர்களுக்கு அவரே வகுப்பெடுத்தார். “தூரத்துலயே குரல் குடுக்கணும். இறங்கி, பள்ளத்துப் பக்கமா நிக்கணும். இதெல்லாம் குதிரையோட பழகினவங்களுக்குத்தான்யா தெரியும்!” கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டியிருந்த குதிரைக்காரம்மா சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கால் தேறி அம்மா மறுபடி குதிரையேறிய ஞாயிறு, டாக்டர் எதிரே வந்தார். இறங்கினார். ஒதுங்கினார். “நல்லாருக்கியாம்மா?” என்று விசாரித்தார், குதிரையை. அது பக்கத்தில் வந்து நின்றதும் கையுறையைக் கழற்றி, விரலால் அதன் மேலுதட்டை மெல்லத் தூக்கி, குனிந்து முன்வரிசைப் பற்களைப் பார்த்தார்.