கழுவிய கொய்யா இலைகள்

ஆறு வருஷமாக நான் இலைகளைக் கழுவினேன். அது தப்பு என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. திருவள்ளூர் வட்டாரத்துச் செடிகொடிகளின் மேல் வளரும் பூஞ்சைகளைத் தேடிச் சேர்த்து, இது இன்ன இனம் என்று வகைப்படுத்துவது என் ஆராய்ச்சி. கல்லூரியில் தாவரவியல் பாடம் எடுத்துக்கொண்டே, நாற்பது வயதுக்கு மேல் நானாக இழுத்து விட்டுக்கொண்ட வம்பு. சனிக்கிழமைகளில் திருநின்றவூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் மாறி, கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிப்பேன். இறங்கிய இடத்தில் வேலியோரம் குனிந்து இலை பறிப்பேன். "இன்னாமா, மூலிகையா?" என்று கேட்பவர்களுக்கு முதல் வருஷம் விளக்கம் சொன்னேன். அடுத்த வருஷத்திலிருந்து "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

பறித்த இலைகளைச் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்து, ஆய்வகக் குழாயடியில் மெல்லிய தூரிகையால் கழுவுவேன். தூசி போனால்தான் பூஞ்சை தெளிவாகத் தெரியும். பூஞ்சை லேசில் போகாது, இலையைப் பற்றிக்கொண்டு கிடக்கும். கழுவியதை ஒற்றி, அழுத்திக் காயவைத்து, உறையில் போட்டுச் செடி, ஊர், தேதி, பூஞ்சை என்று நான்கு வரி எழுதுவேன். கும்மிடிப்பூண்டிச் சரக்கு என்றால் தண்ணீர் கறுப்பாக ஓடும். "சனியன், எத்தனை அழுக்கு!" என்று திட்டுவேன். திட்டினேனே தவிர, அது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓர் அக்காவைப் பார்த்தேன். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றின் மதிலை ஒட்டி இருபது கொய்யா மரம் வைத்திருந்தார். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர் பத்து வருஷம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே பெட்டி ஒட்டி வாங்கிய நிலம் அது. ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் கூடையோடு உட்கார்ந்து பழம் விற்பார். இப்போது இலையெல்லாம் கறுத்து, பழமும் கறுத்து, யாரும் கூடைப் பக்கம் திரும்புவதில்லை என்றார். இரண்டு மரம் அதற்குள் பட்டுப்போயிருந்தது.

"எல்லாம் அந்தச் சிம்னி பொகை தான் டீச்சர். வடிகட்டி போட்டு ஓட்டச் சொல்லி மனு குட்த்துட்டேன். கலெக்டர் ஆபீஸ்ல இன்னாடான்னா, 'பொகைன்னு நீ சொன்னா ஆச்சா, தெரிஞ்சவங்க கிட்ட எழுதி வாங்கியா'ன்றாங்க. நீங்க இலையப் பாத்தே இன்னான்னு சொல்லுவீங்களாமே?"

"சொல்லிடலாம்க்கா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு வருஷத்தில் என் படிப்பை நம்பி ஒருவர் உதவி கேட்டது அதுதான் முதல் தடவை.

ஒரு கட்டு இலை பறித்துக்கொண்டு போனேன். வழக்கம்போலக் கழுவினேன், காயவைத்தேன், நுண்ணோக்கியில் வைத்தேன். அருமையான கரும்பூஞ்சணம். வெள்ளை ஈ இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பிசுபிசுவென்று இனிப்பாக ஒன்றைக் கழிக்கும். அதன்மேல் இந்தப் பூஞ்சை படரும். பாசிமணி கோத்ததுபோல் இழைகள், பாடப்புத்தகப் படம் தோற்றது. கல்லூரித் தாளில் ஆங்கிலத்தில், இனப்பெயரோடு எழுதினேன். கடைசியில் "இது புகைக்கரி அல்ல" என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியை யாரும் கேட்கவில்லை. அதிகப்பிரசங்கித்தனம், வேறென்ன!

கடிதத்தை ரயில் நிலையத்தில் வைத்துக் கொடுத்தேன். "இன்னா டீச்சர் எழுதிக்கீறீங்க?" என்று கேட்டார். "எல்லாம் இதுல இருக்குக்கா, வண்டி வந்துடுச்சு" என்று ஏறிவிட்டேன். படித்துச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். அவர் அதைக் கும்பிட்டு வாங்கி, மடிப்புக் கலையாமல் மனுவோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. மனுவை முடித்துவிட்டார்களாம். 'மரங்களின் பாதிப்புக்குப் பூச்சியும் பூஞ்சையுமே காரணம் எனத் துறை வல்லுநர் சான்றளித்துள்ளபடியால்' என்று பதில் வந்திருக்கிறதாம். அந்த வல்லுநர் நான்தான். அக்காவின் மகள் எழுத்துக்கூட்டிப் படிக்க, நான் இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை போனேன். பொய் எழுதவில்லையே, எனக்கென்ன பயம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். அக்கா கத்தவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது.

"பூஞ்சைன்னு நெஜமாத்தான் எழுதுனியா?"

"நிஜமாத்தான்க்கா. நான் கண்ணால பார்த்தேன்."

"இரு, வரேன்."

உள்ளே போய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துவந்தார். அவர் வீட்டுக்காரர் இன்னொரு இரும்புக் கம்பெனியில் தரை கூட்டுகிறவர். சிந்திய இரும்புத்தூளை அங்கே இப்படித்தான் வாருவார்களாம். காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொய்யா இலைமேல் இழுத்தார். பை முழுக்கப் பொடிமுடி போலக் கறுப்பு எழுந்து நின்றது.

"பூஞ்சை காந்தத்துல ஒட்டுமா டீச்சர்?"

பதினைந்து எழுத்தில் பெயர் சொல்லத் தெரிந்தவளுக்கு 'ஒட்டாது' என்ற நாலு எழுத்து வரவில்லை.

கழுவாத இலைகளை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். செலோடேப்பை இலைமேல் ஒட்டிப் பிய்த்து நுண்ணோக்கியில் வைத்தேன். என் பூஞ்சை இருந்தது, அதே பாசிமணி. அதன் இழைகளுக்கு நடுவே உருண்டையும் முனையுமாகத் துகள்கள், எண்ணி மாளவில்லை. சரி, பக்கத்தில் கம்பெனி இல்லாத சோழவரம் ஏரிக்கரையில் ஒரு கொய்யா மரம் தெரியும், அங்கே போய்ப் பார்ப்போம் என்று போனேன். அங்கேயும் வெள்ளை ஈ, அங்கேயும் அதே பூஞ்சை. காந்தத்தில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை.

பூஞ்சையும் உண்மை, இரும்பும் உண்மை. ஈ கழித்த பிசின் இருந்ததால் தூசி ஒட்டியதா? தூசி படிந்ததால் வெள்ளை ஈயைத் தின்னும் பூச்சிகள் செத்து, ஈ பெருகியதா? அப்படியும் நடக்கும் என்று படித்திருக்கிறேன். இந்த மரத்தில் அப்படித்தான் நடந்தது என்று எப்படிச் சொல்வேன்? மரம் பட்டுப்போனது யாரால்? இனம், குடும்பம், வரிசை என்று அடுக்கத் தெரிந்த எனக்கு இதை எந்த உறையில் போடுவது என்று தெரியவில்லை. அலமாரியைத் திறந்தேன். ஆறு வருஷத்து உறைகள். எல்லா இலையும் பளிச்சென்று, ஏதோ மலைநாட்டில் பறித்ததுபோல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக்கூட இல்லை நான், சாக்கடையில் விட்டிருக்கிறேன்.

"உன் தலைப்பு பூஞ்சைதானே? தூசியைப் பத்தி நீ ஏன் பேசற? ஆய்வேடு கொடுக்கிற நேரத்துல கெணறு வெட்டப் பூதம் கெளப்பாதே" என்றாள் பக்கத்து மேஜை சக ஆசிரியை. அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அந்த வாரம் எல்லாமே சரியாகப் பட்டுத் தொலைத்தது.

திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குத் திருவள்ளூர் போனோம். அக்கா புது மனு எழுதியிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன், கையில் கழுவாத இலையும் காந்தமும். கம்பெனி சார்பில் ஒருவர் கோப்போடு வந்திருந்தார். கோப்பின் மேலேயே என் கடிதம்.

அதிகாரி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "பூஞ்சையா, தூசியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க மேடம்."

"ரெண்டும் சார்."

"போன தடவை புகைக்கரி அல்லன்னு எழுதியிருக்கீங்களே?"

பின்னால் வரிசை நீண்டு நின்றது. மேஜையோரம் இன்னொரு கல்லூரிப் பேராசிரியர், எனக்குத் தெரிந்தவர், ஏதோ மனுவோடு நின்றுகொண்டிருந்தார். 'கூடுதல் ஆய்வில் தெரியவந்தது' என்று சொல்லித் தப்பிக்க ஒரு வாக்கியம் பஸ்ஸிலேயே தயார் செய்திருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, காந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழுவிட்டுப் பார்த்தேன் சார்."

"எதை?"

"இலையை. இவங்க எதைப் பத்திப் புகார் குடுத்தாங்களோ, அதை நான் குழாயடியில கழுவி ஊத்திட்டு, மிச்சத்தைப் பார்த்து எழுதினேன். அந்தக் கடைசி வரி தப்பு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. காந்தத்தை வாங்கித் தானே இலைமேல் இழுத்துப் பார்த்தார். "மரத்தைக் கொன்னது இதுதான்னு சொல்வீங்களா?" என்று கேட்டார். "தெரியாது சார். இது இலைமேல இருக்குன்னு மட்டும் சொல்வேன்" என்றேன். முடித்த பழைய மனுவை மறுபடி விசாரணைக்கு எடுக்கச் சொல்லி, இரண்டு தரப்பையும் வைத்துக்கொண்டு இலை எடுத்துக் கழுவாமல் சோதிக்க வேண்டும் என்று எழுதினார். 'கழுவாமல்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டார். சிம்னிக்கு வடிகட்டி வருமோ வராதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்தாலும் மரம் பிழைக்குமா என்பதும் தெரியாது.

வெளியே வந்தோம். அக்கா பையிலிருந்து தன் மரத்துக் கொய்யா ஒன்றை எடுத்து நீட்டினார். காலையிலிருந்து நாஷ்டாகூட உள்ளே போகவில்லை எனக்கு. புடவைத் தலைப்பில் துடைத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அக்கா கையைத் தட்டிவிட்டார்.

"ஐய்ய! அல்லாத்தையும் கழுவுனியே, இத்த மட்டும் இன்னாத்துக்குக் கழுவாம துன்ற?"

அவர் சிரித்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. வாசலோரக் குழாயைத் திறந்து பழத்தைப் பிடித்தேன். தண்ணீர் கறுப்பாக ஓடியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.