அப்பாவின் குளமும் என் குச்சியும்

பீடோங் பட்டணத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளியிருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மழை நின்றுவிட்டால் தண்ணீருக்கு அரை மைல் நடந்து ஆற்றுக்குப் போக வேண்டும். காலையெல்லாம் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கிளம்புவார்கள். இதற்கு ஒரு வழி செய்யப் போவதாக அப்பா அறிவித்தார். மேட்டிலிருந்து நூலாக ஒழுகும் ஊற்றுநீரை நாங்கள் வரிசை வீடுகளாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் தேக்கினால் குளமாகிவிடும். பள்ளம் மணற்பாங்கு, தண்ணீர் தங்காது. அதனால் அடியிலும் பக்கங்களிலும் களிமண் அப்ப வேண்டும்.

தோட்டத்தை நடத்திய துரை சம்மதித்தார். ஆற்றங்கரையிலிருந்து களிமண் சுமந்தோம். பெண்களும் பிள்ளைகளும் வரிசையாக நின்று மிதித்தோம். ஆண்கள் கட்டையால் இடித்தார்கள். முடிவில் அது எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று கிடந்தது.

“சொட்டுத் தண்ணி கீழே இறங்காது” என்றார் அப்பா.

ஊற்றுநீர் வரும் வாய்க்காலைத் துரை கையால் திறக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. துரையோ பினாங்குக்குப் போயிருந்தார். வர இரண்டு வாரமாகும் என்றார்கள். அது ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும் மாதம். குளத்தின் மேல் வெயில் நேராக இறங்கியது.

“நனைச்ச சாக்கு போட்டு மூடி வையுங்க” என்றாள் அம்மா. “அடுப்புக்கு மண் பூசினா நான் அப்படித்தான் செய்யிறேன். இல்லன்னா வெடிச்சுப்போயிடும்.”

“அடுப்பும் குளமும் ஒண்ணா? இது செங்கல் மாதிரி காயட்டும்.”

“ரெண்டும் மண்ணுதானே” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

பத்தாம் நாள் நான் குளத்துக்குள் இறங்கி விளையாடினேன். எனக்கு அப்போது ஏழு வயது. தரை முழுவதும் பாளம் பாளமாகப் பிரிந்து, நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளவுகள். ஒன்றில் ஒரு குச்சியை விட்டேன். அது இறங்கிக்கொண்டே போனது. கையை விட்டதும் காணாமல் போய்விட்டது. பயந்துபோய் ஓடி வந்துவிட்டேன்.

துரை வருவதற்கு முதல் நாள்தான் அப்பா பிளவுகளைப் பார்த்தார். யாரிடமும் பேசாமல் சேற்றைக் குழைத்து மேலே பூசி வழித்துவிட்டார். பார்வைக்குக் குளம் புத்தம் புதிதாகிவிட்டது.

வெறும் குளத்தைத் துரைக்குக் காட்டக் கூடாது என்று, விடிந்ததிலிருந்து லயமே பால் வாளிகளில் ஆற்றுத் தண்ணீரைச் சுமந்து ஊற்றியது. துரை வந்தபோது முழங்கால் அளவு நின்றது. அவர் வாய்க்காலைத் திறந்தார், அப்பாவின் தோளைத் தட்டினார், பங்களாவுக்குப் போய்விட்டார். பெண்கள் வீட்டுக்குப் போய்த் துவைக்கத் துணி எடுத்து வருவதற்குள் கணுக்கால் அளவாகியிருந்தது. கடைசித் துணியை நனைக்கும் முன் வெறும் சேறு.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா வானத்தைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் கீழே சரிவில் குடியிருந்த தோட்டக் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணியார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். ஈரக் கால்.

“தம்பி, உங்கட குளம் எங்கட வீட்டு முத்தத்துக்கு வந்து நிக்குது” என்றார் மிகுந்த மரியாதையோடு. “வாத்துகளுக்குச் சந்தோசம். நீங்கள் திருப்பிக் கொண்டு போறியளோ?”

யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே ஓடிப்போய், குச்சியால் குளத்தை ஓட்டை போட்டவள் நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

அப்பா ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது. என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா, புள்ள குத்திப்புட்டா” என்றார் கூட்டத்திடம். “சின்னப் புள்ள, அடிக்கவா முடியும்?”

அடிக்கவில்லை. சனிக்கிழமை பீடோங்குக்குக் கூட்டிப்போய்த் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

அடுத்த வாரம் களிமண்ணைப் பெயர்த்து, உடைத்து, நீர் தெளித்து மறுபடி மிதித்தோம். இந்த முறை அம்மா யாரையும் கேட்கவில்லை. மிதித்து முடித்த இடத்தையெல்லாம் ஈரச் சாக்கால் மூடிக்கொண்டே வந்தாள். மறுநாளே தண்ணீர் விட்டார்கள். நின்றது.

“இந்தத் தடவ புள்ளய கிட்ட விடல, அதான்” என்று அப்பா பல வருடம் வருவோர் போவோரிடமெல்லாம் விளக்கினார். ஒரு குளத்தையே வற்ற வைத்தவள் என்று நானும் பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன். குச்சி அத்தனை சுலபமாக இறங்கியதென்றால் அங்கே முன்பே வழி இருந்திருக்க வேண்டும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. அப்பா அந்தக் கதையைத் தொடங்கும்போதெல்லாம் அம்மா ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு எழுந்து போனாள் என்பதும் புரியவில்லை.